குழாயில் மிச்சம்

பதினாறாம் நாள் படையலுக்குத் தன் வீட்டுக்காரர் விரும்பிச் சாப்பிட்ட சுட்ட கோழியைத்தான் வைப்பேன் என்று செண்பகவல்லி பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். மொட்டைமாடியில் அவருடைய கேஸ் கிரில் இருந்தது. இருந்தவரை அதை அவர் யாரையும் தொட விட்டதில்லை. அவள் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி. இப்போது அவர் செய்த மாதிரியே சிலிண்டரைத் திறந்து, குழாய் மூட்டில் சோப்பு நுரையைத் தடவி, கொப்புளம் கிளம்பவில்லை என்று பார்த்துக்கொண்டாள். கிரில் மூடியைத் திறந்து வைத்த பிறகே திருகைத் திருப்பிப் பற்றவைத்தாள். கோழி பதமாக வெந்து தட்டுக்கு வந்ததும் சிலிண்டரை மூடினாள். கிரிலின் திருகை மட்டும் தொடவில்லை.

“அணைச்சிரட்டுமா மதினி?” கொழுந்தன் முத்துராஜ் திருகில் கை வைத்தான்.

ஆஸ்பத்திரியிலும் அவன்தான் கேட்டான். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போன பிறகு, “குழாய எடுத்துரச் சொல்லட்டுமா மதினி?” என்றான். அன்று அவள் தலையாட்டினாள்.

இன்று அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“கைய எடுங்க தம்பி. குழாய்ல மிச்சம் இருக்கது எரிஞ்சு தீரட்டும். தானா அடங்கணும்னு ஒங்க அண்ணன் சொல்லுவாங்க.”

இருவரும் குனிந்து பார்த்தார்கள். நீலத் தீ சுருங்கியது, அணைவதுபோல் நடுங்கியது, மறுபடி நிமிர்ந்தது. இலை போட்டாயிற்று என்று கீழேயிருந்து குரல் வந்தது. அவள் பிடியை விடவில்லை.