கேட்டில் எண்ணிக்கை

மலேசியாவில் கோப்பெங் பக்கம் ஒரு பழைய ரப்பர் தோட்டம் இப்போது ராணுவத்தின் சுடுபயிற்சி நிலம். மண்ணில் எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று பார்க்க, மாதம் ஒருமுறை அங்கே மண் எடுப்பது எங்கள் வேலை.

சென்ற மாதம் திரும்பும்போது கேட்டில் சிப்பாய் எங்களை எண்ணினார். பதிவேட்டின்படி உள்ளே போனவர்கள் நான்கு. வேனில் ஐந்து பேர் இருந்தோம். எல்லோரும் பல வருடப் பழக்கம்.

"கணக்கு சரியா வராம கேட்டைத் திறக்க மாட்டாராம்," என்றார் மேலாளர் ஷார்மேன் அக்கா. "ரெண்டு மணிக்குச் சுட ஆரம்பிச்சிருவாங்க லா. இதுல யாரு எக்ஸ்ட்ரா?"

பார்வைகள் என் பக்கம் திரும்புவதற்குள், "ரூபிணி," என்றேன்.

"அடிப்பாவி! காலையில உன் நாசி லெமாக்ல பாதியத் தின்னது யாரு?" என்று சிரித்தாள் ரூபிணி.

அவள்தான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கதவோரம் உட்கார்ந்திருந்த லயனல் வேன் கதவைத் திறந்துவிட்டான். அவள் மரங்களுக்கிடையே நடந்து போனாள். இரண்டு மணிக்குச் சத்தம் கேட்டது.

இன்று நான்கு பேர் உள்ளே போனோம். வேலை முடிந்து வேனுக்கு வந்தால், என் இருக்கையில் ரூபிணி. லயனல் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தான். நான் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்தேன்.

கேட்டில் சிப்பாய் எண்ணினார். மறுபடியும் ஐந்து. ஷார்மேன் அக்கா அதே கேள்வியைக் கேட்டார். ரூபிணி திரும்பாமலே என்னைக் காட்டினாள்.

"ஆமா லா, காலையில இவளப் பார்த்த ஞாபகமே இல்ல," என்றான் லயனல்.

வேன் கதவு திறந்தது. என் மடியிலிருந்த மண் பைகளை ஷார்மேன் அக்கா சிந்தாமல் வாங்கிக்கொண்டார்.

மணி ஒன்று ஐம்பது.