பதின்மூன்று வெள்ளி டாலர்கள்

"யோவ் வெர்னன்! இது நாணயமா, சூப்புக் கரண்டியா?"

டெல்மர் பூதக்கண்ணாடியை மேசைமேல் வைத்தார். ஒஹையோவின் அந்தச் சின்ன ஊரில் நாணயச் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சி. அவர்தான் நடுவர். சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

கார்சன் சிட்டி நாணயச்சாலையில் அச்சடித்த பதின்மூன்று வெள்ளி டாலர்கள். கடைவீதியில் புழங்கியே இராதவை. வெர்னன் முப்பது வருடம் அலைந்து சேர்த்தவை. போன வருடம்வரை அவற்றின்மேல் நூற்றுச் சொச்ச வருடத்துப் பழுப்பும் நீலமும் படர்ந்திருந்தன. அந்த நிறத்தில்தான் மதிப்பே. தேய்த்து எடுத்துவிட்டால் அது வெறும் வெள்ளித் துண்டு.

இப்போது பதின்மூன்றும் கண்ணைக் கூசவைத்தன.

"எந்தப் புண்ணியவான் தேய்ச்சது?"

"நான்தான்," என்றார் வெர்னன். பார்வை மண்டபத்தின் சமையலறைப் பக்கம் போய் வந்தது.

"நீயா! கைரேகை படாம காசை விளிம்புல பிடிக்கலேன்னு போன வருஷம் பாதிரியாரையே விரட்டினவனாச்சே!"

"புத்தி கெட்டுப்போச்சு. மெதுவாப் பேசேன்."

"என்ன மெதுவா? கேடயம் இந்தத் தடவை உனக்குத்தான்னு வயிறு எரிஞ்சுக்கிட்டே வந்தேன். இனி போட்டியிலேயே சேர்க்க முடியாது, போ!"

"சரி, எழுதிக்கோ. காசுப் பெட்டி மட்டும் சாயங்காலம்வரை இங்கேயே இருக்கட்டும்."

"எதுக்கு? வர்றவன் போறவனெல்லாம் சிரிக்கவா?"

"சிரிக்கட்டும்."

டெல்மர் சிவப்புப் பேனாவை எடுத்து, சீட்டில் 'தகுதி நீக்கம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

அப்போதுதான் சமையலறைக் கதவு திறந்தது. வெர்னனின் மனைவி ஓப்பல், முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களால் ஆப்பிள் கேக் தட்டைப் பிடித்தபடி வந்தாள்.

"பாத்தீங்களா டெல்மர்? எத்தனை வருஷமா கறுத்துப்போய்க் கிடந்துச்சு! இவர் மான் வேட்டைக்குப் போயிருந்த நாலு நாளும் நான்தான் உக்காந்து தேய்ச்சேன். விரல் வலியில உயிர் போச்சு. ஆனா வந்து பாத்ததும் இவருக்குக் கண்ணே கலங்கிருச்சு, பேச்சே வரல!"

ஒருவரும் சிரிக்கவில்லை. வெர்னன் தரையைப் பார்த்தார்.

"ஏன் எல்லாரும் உம்முன்னு நிக்கிறீங்க? அந்தப் பளபளப்பைக் கவனிச்சீங்களா, இல்லையா?"

டெல்மர் கையிலிருந்த சீட்டைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டார்.

"கவனிக்காம இருப்பேனா, ஓப்பல்? பத்து நிமிஷமா இங்க அதே பேச்சுதான்!"