குத்தாத ஊசி

மருந்து நிரம்பிய ஊசிக்கு அவசரம் தாங்கவில்லை. அதன் ஆயுளுக்கே ஒரே ஒரு குத்துதான். எதிர்க் கட்டிலில் காய்ச்சலோடு முனகிக்கொண்டிருந்தவரை அந்த ஒரு குத்திலேயே எழுப்பி உட்காரவைத்துவிட வேண்டும்.

ஆனால் மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"எவ்வளவு நேரந்தான் சுத்துவ?" என்று எரிந்து விழுந்தது ஊசி.

"பொறு தம்பி. இவர் முன்ன வேற ஊர் ஆஸ்பத்திரியில படுத்திருக்காரு. அந்த விவரம் வந்துக்கிட்டிருக்கு."

"எல்லா மருந்தும் ஒத்துக்கும்னு அவரே தலையாட்டிட்டாரே!"

"காய்ச்சல்ல எதைக் கேட்டாலும் தலையாட்டுவாங்க."

நர்ஸ் ஜெசிந்தா ஊசியைக் கையில் எடுத்தபோது திரை சிவந்தது. இதே மருந்தால்தான் அங்கே அவருக்கு மூச்சு நிற்கப் பார்த்திருக்கிறது. "நல்லவேளை!" என்ற ஜெசிந்தா, ஊசியைக் கழிவு டப்பாவில் போட்டுவிட்டு, வேறு மருந்து கேட்க டாக்டரிடம் ஓடினாள்.

விழும்போது ஊசி சொன்னது: "ரொம்ப நன்றி அண்ணே. ஒரு உயிரை எடுத்தவன்னு பேர் வாங்காம போறேன்."

சற்று நேரத்தில் அடுத்த நோயாளி வந்தார். வட்டம் மறுபடி சுற்றியது. தட்டில் இருந்த புது ஊசி, "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று துள்ளியது.

டப்பாவுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது: "பேசாம இருடா. அண்ணன் நல்லா சுத்தட்டும்."