தலையாட்டும் வகுப்பு

மானியத்தில் வந்த கேமரா, மாணவர்களின் தலையாட்டலை எண்ணி வகுப்பின் கவனத்தைத் திரையில் சதவீதமாகக் காட்டும். இன்று ஆய்வுக்குழு முன்னால் நூறு வராவிட்டால் தற்காலிக விரிவுரையாளர் எழிலரசிக்கு வேலை போய்விடும். அவள் கையில் சாக்பீஸ் இருக்கும்வரை மாணவர்கள் தலையாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. அவள் கணக்கை எழுத எழுத, பூம்பூம் மாடே வெட்கப்படும்படி தலைகள் ஆடின. அந்தக் காற்றில் மின்விசிறி பின்பக்கமாகச் சுற்றியது. திரையில் தொண்ணூற்றெட்டு. கடைசி பெஞ்சு நாச்சியார் மட்டும் அசையாமல் கரும்பலகையை முறைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் புள்ளய ஆட்டச் சொல்லுங்க மேடம், மானம் போகுது," என்று கல்லூரி முதல்வர் எழிலரசியின் காதோரம் சீறினார்.

"ஏம்மா, கொஞ்சம் ஆட்டேன்," என்று கெஞ்சினாள் எழிலரசி.

"எப்படி மேடம்? மூணாவது வரி தப்பா இருக்கே."

எழிலரசி கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தாள். தப்புதான். ஆய்வுக்குழுவும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. அவள் சாக்பீஸை வைத்துவிட்டு டஸ்டரை எடுத்ததும் எல்லாத் தலைகளும் சட்டென நின்றன. திரையில் எண் சரியத் தொடங்கியது. நாச்சியார் மெல்லத் தலையாட்டினாள்.