மக்கள் சுவர்

தலைவரின் கண்கள் கலங்கியிருந்தன. எதிரே சுவர் அகலத்துக்கு நின்ற திரையில் அவர்மீது அன்பு பொழிந்துகொண்டிருந்தது, அதுவும் நிமிடத்துக்கு நாற்பது வீதம்.

அதற்கு ‘மக்கள் சுவர்’ என்று பெயர். எந்தத் தளத்தில் யார் தலைவரைப் பற்றி எழுதினாலும், படம் போட்டாலும், எல்லாம் ஒன்றாகத் திரண்டு இந்தத் திரையில் ஓடும். ‘ஒரு வரியைக்கூட நாங்கள் நீக்குவதில்லை’ என்று மேலே தங்க எழுத்தில் போட்டிருந்தார்கள். மாலைப் பொதுக்கூட்டத்தில் மேடைக்குப் பின்னால் இதையே நிறுத்தி, மக்களை மக்களுக்கே காட்டுவதாகத் திட்டம்.

“பாருங்கண்ணே, அக்கரையிலருந்து ஒரு தாய் எழுதியிருக்காங்க” என்றார் சுவரை நடத்துகிறவர். வாசித்தும் காட்டினார்: ‘புயலில் கூரை போனது. நீங்கள் இருக்கிறீர்களே, அதுதான் எங்கள் கூரை.’

“கூரையா! என்னமா எழுதுறாங்கய்யா!” என்று தலைவர் கைக்குட்டையை எடுத்தார்.

“அப்படியே இந்தப் பக்கம் திரும்பித் துடைங்கண்ணே” என்றார் புகைப்படக்காரர். தலைவர் திரும்பித் துடைத்தார்.

கதவோரம் காலையிலிருந்து காத்திருந்த நர்ஸ் அப்போதுதான் எழுந்தார். அக்கரை சுகாதார நிலையத்தில் வேலை. முழங்கால்வரை சேறு காய்ந்து ஒட்டியிருந்தது.

“ஐயா, அது எங்க ஊருங்க. அங்க பத்து நாளா டவர் வேலை செய்யல. ஒரு ஃபோன் பேசணும்னாலும் ஆத்தைத் தாண்டித்தான் வரணும். இதை யாரு, எப்படிப் போட்டாங்க?”

சுவர்க்காரரின் முகம் வெளுத்தது.

“புயல்ல டவர் சாஞ்சிருக்கும்மா” என்றார் தலைவர்.

“சாயலைங்க. ஒரு கம்பிகூட வளையல. உச்சியில சிவப்பு விளக்கு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. சிக்னல் மட்டும்தான் இல்ல. முந்தாநாள் ஒரு பொண்ணுக்கு வலி எடுத்துச்சு. ஆம்புலன்ஸைக் கூப்பிட வழியில்லாம கட்டிலோட தூக்கிட்டு நடந்தோம். குழந்தை தங்கல. இந்த வாரம் இன்னும் மூணு பேருக்குப் பிரசவம் இருக்குங்க. டவரை மட்டும் சரி பண்ணிக் குடுங்க, வேற எதுவும் வேணாம்.”

தலைவர் எழுந்தார். கலங்கிய கண்கள் நொடியில் சிவந்தன.

“ஏன்யா, என் சுவத்துல பொய்யா? அங்க பச்சப்புள்ள செத்துப் போயிருக்கு, நீ இங்க உக்காந்து எனக்குக் கூரை மேயிறியா?” என்று சுவர்க்காரரின் சட்டையைப் பிடித்து உலுக்கினார்.

பிறகு நர்ஸைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். “நீ நிம்மதியாப் போம்மா. அந்த மூணு பொண்ணும் என் பொண்ணுங்க. இன்னிக்கே பேசுறேன்.”

வாசல்வரை அவரே கூட நடந்தார். புகைப்படக்காரர் அவர்களுக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தார். நர்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. இந்த மனிதரைப் போய் ஊரே இத்தனை நாள் வாயில் வந்தபடி பேசியதே என்ற கூச்சம் வேறு.

கதவு சாத்தியதும் சுவர்க்காரர் தொப்பென்று காலில் விழுந்தார்.

“மன்னிச்சிருங்கண்ணே. எல்லா ஊர்லருந்தும் வந்து கொட்டுது, அக்கரையிலருந்து மட்டும் ஒரு வரி வரல. நிவாரணம் எங்கேன்னு தினமும் கிழிச்சுக்கிட்டிருந்தவங்ககூட சட்டுனு ஓஞ்சிட்டாங்க. ஒரு ஊரே விட்டுப்போனா நல்லாருக்காதேன்னு நானே எழுதிட்டேன்.”

தலைவர் நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்து, கைக்குட்டையை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார்.

“மடையா, ஒண்ணும் வரக்கூடாதுன்னுதானே டவரையே நிறுத்தச் சொன்னேன்!”