நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

வாய்மொழித் தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் பேராசிரியை நாலு முறை தண்ணீர் குடித்துவிட்டார்.

எதிரே நிற்கிற பெண்ணின் ஆய்வேடு அவர் கையில் இருந்தது. அதன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் அவர் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டிருந்தது.

இருபது வருடத்துக்கு முன் ஓர் இடைக்காலப் பாடல் தொகுதியை உலகத்துக்குக் காட்டியவர் அவர்தான். பாடியவள் ஒரு சலவைக்காரி, ஊர் ஒதுக்கிவைத்தவள் என்று புத்தகம் எழுதினார். பதவி, விருது, வெளிநாட்டு அழைப்பு எல்லாம் அந்தச் சலவைக்காரி போட்ட பிச்சை.

இந்தப் பெண்ணோ சுவடிக் காப்பகத்தில் வேறொரு கட்டைப் பிரித்து, கடைசி ஏடுவரை படித்துவிட்டாள். அரண்மனைப் புலவன் ஒருவன் அதில் தன் கைப்பட எழுதிவைத்திருக்கிறான், அரசனைச் சிரிக்கவைக்கச் சலவைக்காரி குரலில் தான் கட்டிய பாட்டுகள் இவை என்று.

கேலிப் பாட்டு! அதைத்தான் இவர் வருடாவருடம் வகுப்பில் உருகி உருகிப் படித்துக் காட்டினார்.

தேர்வாளர் அறிக்கையில் 'சான்று போதாது' என்று அவர் ஒரு வரி எழுதினால் போதும். பெண்ணின் ஐந்து வருட உழைப்பு அம்போ. புத்தகம் பிழைத்துக்கொள்ளும். அறையில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். ஆளாளுக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"மேடம், உங்க கேள்வி?" என்றார் தேர்வுக் குழுத் தலைவர்.

பேராசிரியை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைப் பிரித்தார். சான்றில் ஓட்டை எதுவும் இல்லை. அது அவருக்கு நன்றாகவே தெரியும்.

"இந்தக் கட்டை உனக்கு முன்னாடி யாரெல்லாம் பிரிச்சாங்கம்மா?"

சுவடியைப் பிரிப்பவர்கள் காப்பகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும். ஆய்வாளர் அந்தப் பெயர்களை அடிக்குறிப்பில் கொடுப்பது வழக்கம்.

"ரெண்டு பேர், மேடம்" என்றாள் பெண். நிமிரவே இல்லை.

பேராசிரியைக்குக் காதெல்லாம் சூடானது. பாவி, இவள் பதிவேட்டை முழுசாகப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுத்தான் மறைக்கிறாள்.

பேனாவைத் திறந்தார். அடிக்குறிப்பில் இருந்த இரண்டு பெயர்களுக்குக் கீழே மூன்றாவதாகத் தன் பெயரை எழுதினார்.

பக்கத்தில் தேதியையும் போட்டார். அது அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட நாள், ஒன்பது வருடத்துக்கு முந்தையது.