வியாழக்கிழமைக் கேள்விகள்

"மடாம், என்ரை வீட்டிலை கரப்பான் பூச்சி இருக்கோ எண்டு கேக்கினம். நான் என்னத்தைச் சொல்ல? ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ!"

கதவைத் திறந்த செசிலிடம் கரிகாலன் கைபேசியை நீட்டினார். பாரிஸின் மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் ஒரே மாடியில், எதிரெதிர் வீடுகளில் ஆறு வருடமாக இருக்கிறார்கள். 'பொன்ஜூர்' தவிர வேறு பேச்சில்லை. கரிகாலன் யாழ்ப்பாணத்தவர், ரூ காய் தெருவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல். செசில் புதுச்சேரிக்காரர், தனியாக இருப்பவர், நகரசபை அலுவலகத்தில் வேலை.

செசில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'கடந்த இரண்டு வாரங்களில் உங்களிடம் கரப்பான் பூச்சி இருந்ததா? இல்லை. சில நாட்கள். ஏறக்குறையத் தினமும்.'

"யாருங்க இதை அனுப்பினது?"

"பல்கலைக்கழகம். மனசு சரியில்லாத ஆக்களுக்கு ஒன்லைனிலை வைத்தியம். ஆராய்ச்சியாம். டொக்டர்தான் சேர்த்துவிட்டவர். பேப்பர் முழுக்கப் பிரெஞ்சு. எட்டுக் கிழமை எண்டது மட்டும்தான் விளங்கிச்சுது. கையெழுத்து வைச்சிட்டன்."

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. மனைவி தயாளினி இறந்து இரண்டு வருடம். நித்திரை இல்லை, பசி இல்லை. போன மாதம் ஒரே கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டார். இன்னொரு தரம் இப்படி நடந்தால் வேறு ஆள் பார்ப்பேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். இந்த வைத்தியத்தைத்தான் மலைபோல நம்பியிருந்தார். அதிலும் போய் முதல் கேள்வியே கரப்பான் பூச்சி. ஓம் என்று போட்டால் கடைக்குச் சுகாதார அதிகாரிகளை அனுப்பிவிடுவார்களோ?

செசில் அந்த வாக்கியத்தைப் பிரெஞ்சில் முணுமுணுத்துப் பார்த்தார். அடுத்த கணம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார்.

"மே நோ, முசியே! அது இல்லைங்க! கரப்பான் பூச்சி இருக்குன்னு பிரெஞ்சுக்காரங்க சொன்னா, மனசு சோர்ந்து கிடக்குன்னு அர்த்தம். எவனோ மெஷின்ல போட்டு அப்படியே தமிழாக்கிட்டான்!"

"அப்ப பூச்சி குசினிக்குள்ளை இல்லை. எனக்குள்ளைதான் கிடக்கு?"

"ஆமாங்க."

"அப்பிடியெண்டால் தினமும்" என்று அவர் அழுத்தினார். அடுத்ததைப் பார்த்ததும் முகம் தெளிந்தது. "இது எனக்கு விளங்கும். 'நீங்கள் கறுப்பை அரைத்தீர்களா?' ஓம். ஒவ்வொரு நாளும் அரைக் கிலோ மிளகு."

செசில் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "அதுவும் அது இல்லைங்க! இருட்டு நினைப்பையே போட்டு அரைச்சுக்கிட்டு இருக்கீங்களான்னு கேக்குறாங்க!"

இருவரும் சிரித்தார்கள். தன் தொண்டையிலிருந்து வந்த சத்தம் கரிகாலனுக்கே யாரோ ஒருவருடையதைப் போலக் கேட்டது.

வியாழக்கிழமை அவருக்கு லீவு. கேள்விகளும் வியாழக்கிழமை மாலைதான் வரும். இரண்டாம் வாரம் வெறுங்கையோடு போகக் கூச்சப்பட்டு றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனார். செசில் கோப்பி போட்டார். மூன்றாம் வாரம் புதிதாக ஒன்று வந்தது: 'உங்கள் காலணிகளுக்குப் பக்கத்தில் இருந்தீர்களா?' எதற்கும் பார்த்துவிடலாம் என்று கரிகாலன் வாசலில் கழற்றிவைத்த சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் போய் விறைப்பாக நின்றார். "நிதானம் தப்பிப் போறதைச் சொல்றாங்க!" என்று செசில் சொல்லி முடிப்பதற்குள், சிரிப்புச் சத்தம் தாங்காமல் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் கூரையை இடித்தார்.

ஐந்தாம் வாரம் கேள்விகள் முடிந்த பிறகும் அவர் எழும்பவில்லை. தயாளினியின் கடைசி நாட்களைப் பற்றி முதல் தடவையாக ஒருவரிடம் பேசினார். செசில் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கோப்பி ஆறியதுகூடத் தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றிரவு நன்றாக நித்திரை கொண்டு, மறுநாள் கரிகாலன் கண்விழித்தபோது காலை மணி எட்டு. அதற்குப் பிறகு 'மடாம்' போய் 'செசில்' வந்தது.

ஏழாம் வாரம் முதலாளி குசினிக்குள் எட்டிப் பார்த்தார். "என்ன அண்ணை, பாட்டெல்லாம் பலமாக் கிடக்கு?"

"வைத்தியம் தம்பி, வைத்தியம்! கேள்வி கேட்டே ஆளைச் சுகமாக்கிப் போட்டாங்கள். வெள்ளைக்காரன்ரை மூளையே மூளை!"

எட்டாம் வாரம் ஆராய்ச்சியாளர் ஆரெலி காணொளியில் வந்தார். மொழிபெயர்க்கச் செசில் பக்கத்தில் அமர்ந்தார்.

"உங்க மனச்சோர்வு முதல் வாரம் இருபத்தேழுக்கு இருபத்திரண்டு இருந்துச்சாம். இப்ப மூணாம்! அவங்களால நம்பவே முடியலையாம். அப்படி என்னதான் செஞ்சீங்கன்னு கேக்குறாங்க."

"நான் என்னத்தைச் செய்தன்? எல்லாம் அவையின்ரை வைத்தியம்தான். ஒரு கிழமையும் விடேல்லை எண்டு சொல்லுங்கோ. லா சப்பலிலை இருக்கிற எங்கடை தமிழ்ச் சனம் எல்லாத்துக்கும் இதைக் குடுக்கச் சொல்லுங்கோ."

செசில் சொன்னார். ஆரெலி புருவத்தைச் சுருக்கினார். ஏதோ காகிதங்களைப் புரட்டினார். பிறகு நீளமாக எதையோ விளக்கினார். கேட்கக் கேட்கச் செசிலின் முகம் காது வரை சிவந்தது.

"என்னவாம்?"

"வந்து... இந்த ஆராய்ச்சியில ரெண்டு குழுவாம். ஒண்ணுக்கு வைத்தியம். இன்னொண்ணு, ஒப்பிட்டுப் பார்க்கிறதுக்காக, வைத்தியமே இல்லாம எட்டு வாரம் சும்மா காத்திருக்கணுமாம். அவங்களுக்கு வாராவாரம் கேள்வி மட்டும்தான் வருமாம். நீங்க அந்த ரெண்டாவது குழுவாம். உங்களுக்கு வைத்தியம் வர்ற திங்கட்கிழமைதான் ஆரம்பமாம்."

கரிகாலன் திரையைப் பார்த்தார். திரும்பிச் செசிலைப் பார்த்தார்.

"அவவிட்டை ஒருக்காக் கேளுங்கோ," என்றார் மெல்ல. "நான் இன்னும் கொஞ்சக் காலம் காத்திருக்கலாமோ எண்டு."